கல்யாண டிவிடி ஏன் பல்லிளிக்கிறது?

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், எதிர் வீட்டு அம்மாள் கையில் ஒரு பென் டிரைவோடு வந்தார். "சார், நீங்க ரயில்வேயில சிக்னல் பார்த்தவங்கதானே? புது டிவியில ஏதோ கோளாறு. கடைக்காரங்க டிவி நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். சிக்னலுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரவில்லை. போய்ப் பார்த்தேன்.

55 அங்குல டிவி. அதில் ஓடியது அவருடைய கல்யாணம், 2006ல் திண்டுக்கல்லில் நடந்தது. ஆட்கள் அசையாமல் நிற்கும்போது படம் சுமாராக இருந்தது. யாராவது கையை அசைத்தால் போதும், கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரிந்தது. அட்சதை தூவும் இடத்தில் மேடையில் இருந்த அத்தனை கைகளும் பல்லிளித்தன. கன்னிகாதானத்தில் அவருடைய தகப்பனார் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். அந்தக் கை கிழிந்த பனையோலை விசிறி மாதிரித் தெரிந்தது. தகப்பனார் இப்போது இல்லை. அவர் நடமாடும் படம் வேறெதுவும் அந்த வீட்டில் கிடையாது.

"ஏம்மா, ஒரிஜினல் தட்டு எங்கே?" என்று கேட்டேன்.

"ரெண்டு தட்டு சார். கடையில பென் டிரைவுல ஏத்தி, ஹெச்.டி. ஆக்கிக் குடுத்துட்டாங்க, இனிமே தட்டு வேண்டாம்னாங்க. ஒண்ணை மொட்டை மாடியில புறாவுக்குக் கட்டிட்டோம். இன்னொண்ணு இங்கேதான் எங்கேயோ கிடக்கும்."

இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததற்குக் காரணம் அந்தப் புறாத் தட்டுதான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஸ்ரீ சிட்டி தொடங்கிய 2008க்குப் பிறகு இங்கே வந்தவை. அப்போது இது சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் பரவியிருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். மதுரை, நெல்லை, சேலம் என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெட்டியின் அடியில் கல்யாண டிவிடியையும் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய 2000 முதல் 2015 வரை நடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் தட்டில்தான் இருக்கின்றன. நம்மைச் சுற்றி ஏ.சி. செய்கிறார்கள், செல்போன் செய்கிறார்கள். ஆனால் ஒரு டிவிடி பிளேயரின் லென்ஸ் போய்விட்டால் மாற்றித் தர இங்கே எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. தடா நிலையத்தில் சூலூர்பேட்டை - சென்னை மின்சார ரயிலைப் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நிற்க. பல்லிளிப்பதற்கு வருவோம்.

பழைய டிவி முறையில் ஒரு படத்தை முழுசாக அனுப்புவதில்லை. 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள் முதலில் போகும்; பிறகு 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். ரயில்வேக்காரனுக்கு இது எளிதாகப் புரியும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரைக்குப் போகும்போது 12637, திரும்பும்போது 12638. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஜோடி வண்டி. இந்தியாவில் கடைப்பிடித்த முறைக்குப் பால் என்று பெயர் (குடிக்கும் பால் அன்று). அதில் மொத்தம் 625 வரிகள். படம் தெரிவது 576 வரிகளில். 288 வரிகள் கொண்ட அரைப் படங்கள் நொடிக்கு 50 வரும். அமெரிக்கா, ஜப்பான் நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறையில் படம் தெரியும் வரிகள் 480. அரைப் படங்கள் நொடிக்கு ஏறக்குறைய 60. அலைவரிசையை மிச்சம் பிடிக்கவும், கண் கூசும் சிமிட்டலைத் தவிர்க்கவும் 1930களில் கண்ட வழி இது. 1996ல் ஜப்பானிலும் 1997ல் அமெரிக்காவிலும் டிவிடி வந்தபோது, அன்றிருந்த டிவிகளுக்குப் பொருந்த வேண்டுமே என்று அதிலும் இதே வரிக் கணக்கை வைத்துவிட்டார்கள்.

பழைய பெட்டி டிவியில் இதனால் தொல்லை இல்லை. வரிகள் வந்த வரிசையிலேயே அது வரைந்துவிடும், மீதியை நம் கண் பார்த்துக்கொள்ளும். இன்றைய தட்டை டிவி அப்படியில்லை. எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் காட்டுவது அது. எனவே இரண்டு அரைப் படங்களை யாராவது சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். பிளேயர் சேர்க்கலாம், டிவி சேர்க்கலாம், கணினி சேர்க்கலாம். சேர்ப்பவரின் சாமர்த்தியம்தான் நாம் காணும் படம்.

இதில் என்ன கஷ்டம் என்றால், இரண்டு அரைப் படங்களும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. இடையே நொடியில் 50ல் ஒரு பங்கு கழிந்திருக்கிறது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அட்சதை போடும் கை அதற்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டையும் அப்படியே பின்னினால் ஒரு வரியில் கை இங்கே, அடுத்த வரியில் 4 சென்டிமீட்டர் தள்ளி. அதுதான் சீப்புப் பல்.

பின்னாமல், ஓர் அரைப் படத்தை மட்டும் எடுத்து இரண்டு மடங்காக நீட்டலாம். பல் போகும், ஆனால் கோலத்தின் சாய்ந்த கோடுகள் ஏணிப்படியாகும், மெல்லிய கோடுகள் துடிக்கும். கெட்டிக்காரச் சில்லு என்ன செய்கிறது? அசையாத இடத்தைப் பின்னுகிறது. அசையும் இடத்தில் மட்டும் விட்டுப்போன வரியை, பக்கத்து வரிகளில் கோடு எந்தச் சாய்வில் போகிறது என்று பார்த்து நிரப்புகிறது. இதில் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஃபரூஜா நிறுவனம். 1990களில் அவர்கள் இதற்குச் செய்த கருவி பல ஆயிரம் டாலர் விலையுள்ள தனிப் பெட்டி. 2001 வாக்கில் அதே வேலை ஒரு சில்லுக்குள் அடங்கி, பானசோனிக் ஆர்.பி.56 போன்ற சாதாரண விலைப் பிளேயருக்குள்ளேயே வந்துவிட்டது. பிளேயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வழக்கம் அங்கே சூடு பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். அதற்கென்றே சோதனைத் தட்டுகள் விற்றார்கள். காற்றில் அசையும் கொடி, பந்தயக் கார், சுழலும் கம்பி எல்லாம் அவற்றில் இருக்கும்.

நமக்கு அந்தத் தட்டு வேண்டாம். கல்யாணத் தட்டைவிடக் கடுமையான சோதனை எது? அட்சதை, ஹோமப் புகை, மணையடிக் கோலத்தின் மேல் கேமரா நகர்வது, பட்டுச் சேலையின் ஜரிகை, முடிவில் மேல்நோக்கி ஓடும் "தங்கள் நல்வரவை விரும்பும்" பெயர்ப் பட்டியல். இவற்றை வைத்தே சோதித்தேன்.

அந்த அம்மாள் வீட்டில் தேடியதில் இரண்டாம் தட்டு பீரோவுக்கு மேலே உறையோடு கிடைத்தது. என் 2005ஆம் வருடத்துப் பிளேயர், அவர்கள் அண்மையில் வாங்கிய மலிவான ஹெச்.டி.எம்.ஐ. பிளேயர், மகனுடைய நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ப்ளூரே பிளேயர், என் மடிக்கணினி என்று நான்கையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் பொருத்தினேன். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஒரே கம்பெனி ஒரு மாடலில் நல்ல சில்லும் அடுத்த மாடலில் வேறு சில்லும் போடுவது உண்டு.

மலிவான புதுப் பிளேயரின் பெட்டியில் 1080 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படம் பளிச்சென்று இருந்தது. பல்லும் பளிச்சென்று இருந்தது! கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அரைப் படங்களையும் பின்னி, பல்லோடு சேர்த்துப் பெரிதாக்கி அனுப்புகிறது. டிவிக்குப் போவது ஏற்கெனவே பின்னிய படம் என்பதால், டிவிக்குள் எவ்வளவு நல்ல சில்லு இருந்தும் பயனில்லை.

என் பழைய பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் பொருத்தினேன். இந்த வழியில் அரைப் படங்கள் அப்படியே போய், டிவி சேர்க்கிறது. அட்சதையில் பல் இல்லை. ஆனால் மஞ்சள் வயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து போவதால் ஜரிகைக் கரையில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் ஓடின. நெருக்கமான கட்டம் போட்ட சட்டையில் வானவில் தெரிந்தது. இருபது வயதுக் கிழவன் புதுப் பையனைவிட நன்றாகத்தான் காட்டினான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வயது ஒரு காரணமாக இருக்கலாம்.

ப்ளூரே பிளேயர் இரண்டையும் வென்றது. கோலம் நிலையாக நின்றது. அட்சதை அரிசி அரிசியாகத் தெரிந்தது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது மட்டும் எழுத்துகள் லேசாக நடுங்கின. அதன் மெனுவில் 576 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'பி' என்றும் 'ஐ' என்றும் இரண்டு இருந்தன. 'பி' என்றால் பிளேயர் சேர்க்கும். 'ஐ' என்றால் சேர்க்காமல் அப்படியே டிவிக்கு அனுப்பும். 'ஐ'யில் வைத்துப் பார்த்தபோது இந்த டிவியில் பட்டியலும் சரியாயிற்று. வேறு டிவியில் நேர்மாறாகவும் இருக்கக் கூடும். இரண்டையும் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

மடிக்கணினியில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள். அதன் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கி, அதன் முறையை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வைத்தேன். நொடிக்கு 25 படமாகக் குறைக்காமல், 50 அரைப் படங்களையும் 50 முழுப் படங்களாக ஆக்குவது இது. நாதஸ்வரக்காரர் விரல் ஓடுவதைப் பார்த்த என் மனைவி, "அன்னிக்கு டிவியில பார்த்த மாதிரியே இருக்கே" என்றாள். நான் போட்ட மதிப்பெண்ணும் அதுவே.

பிறகு ஒரு வேடிக்கை. கல்யாணத் தட்டை எடுத்துவிட்டுத் தமிழ் சினிமா டிவிடி ஒன்றைப் போட்டால், பல்லிளித்த அதே மலிவான பிளேயர் அருமையாகக் காட்டியது. காரணம் இருக்கிறது. சினிமா ஃபிலிமில் எடுத்தது. நொடிக்கு 24 முழுப் படம். பால் முறைத் தட்டில் அதைச் சற்று வேகமாக 25 ஆக ஓட்டிப் பதிவார்கள். இரண்டு அரைகளும் ஒரே கணத்துப் படம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பின்னினாலும் சரியாக வந்துவிடும். கடையில் சினிமாத் தட்டைப் போட்டுக் காட்டிப் பிளேயரை விற்றால் உங்கள் கல்யாணத் தட்டு அதில் எப்படி ஓடும் என்பது தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன். (இந்த 24, 25 கணக்கில் இன்னொரு விஷயம்: 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரி செய்யாமல் பதிந்திருந்தால் பாட்டெல்லாம் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிப் பாடும். சங்கீத ஞானம் உள்ளவர்கள் டிவிடியில் பாட்டு ஏதோ மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தது வீண் பேச்சில்லை.)

என்.டி.எஸ்.சி. முறைத் தட்டில் 24ஐ 60 ஆக்க வேண்டும். ஒரு படத்துக்கு 2 அரை, அடுத்ததற்கு 3 அரை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நல்ல பிளேயர் இந்த 2, 3 தாளத்தைக் கண்டுபிடித்துப் பழையபடி 24 முழுப் படமாகக் கூட்டிவிடும். மந்தமானது தாளம் தப்பும்போதெல்லாம் கொஞ்சம் பல்லைக் காட்டும். பால் நாடாவிலிருந்து என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிச் செய்த தமிழ்ப் படத் தட்டு ஒன்றும் என்னிடம் உண்டு. அதில் அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கரைந்து, நடந்து போகிறவர் பின்னால் ஆவி போல இன்னொருவர் போகிறார். அதற்கு எந்தப் பிளேயராலும் விமோசனம் இல்லை.

சிவப்பு நிறத்திலும் ஒரு சோதனை உண்டு. டிவிடியில் நிறத்தை, வெளிச்சத்தைப் போல வரிக்கு வரி பதிவதில்லை. நெடுக்கிலும் குறுக்கிலும் பாதிதான். அதைத் தவறாக விரித்தால், சிவப்புப் பொருளின் ஓரத்தில் குறுக்குக் கோடுகள் தோன்றும். பெயர் பெற்ற பிளேயர்களிலேயே இந்தப் பிழை இருப்பதை டான் மன்சில், ஸ்டேசி ஸ்பியர்ஸ் என்ற இருவர் 2001ல் எழுதிக் காட்டினார்கள். என் கிழப் பிளேயரில் சினிமாக் கதாநாயகியின் குங்கும நிறச் சேலையில் அந்தக் கோடு இருக்கிறது. இருபது வருடமாகத் தட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி பென் டிரைவ் விஷயம். அந்தக் கடையில் என்ன செய்துவிட்டார்கள் என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். 576 வரிப் படத்தைப் பல்லோடு அப்படியே 720 வரியாக நீட்டியிருந்தார்கள். தட்டில் இருக்கும்வரை ஒற்றை வரி தனி, இரட்டை வரி தனி. எப்போது வேண்டுமானாலும் பிரித்து மறுபடி சேர்க்கலாம். நீட்டிவிட்டால் ஒவ்வொரு புது வரியிலும் பழைய ஒற்றையும் இரட்டையும் கலந்துவிடும். கலந்த பிறகு பிரிப்பது, காப்பியிலிருந்து பாலைப் பிரிப்பது போல. ஹெச்.டி. ஆக்குவதற்காகத் தனியாக 500 ரூபாய் வேறு.

மொட்டை மாடித் தட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து கழுவித் துடைத்து, நான்கு கருவிகளிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் படிக்கவில்லை. நாமே எழுதும் தட்டில் படம் பதிவது ஒருவகைச் சாயத்தில். இரண்டு மாத வெயிலும் பனியும் அதற்குப் போதுமானதாக இருந்தது போலும். கன்னிகாதானம் அதில்தான் இருந்தது. அது இனிப் பென் டிரைவில் இருக்கும் கிழிந்த விசிறி மட்டுமே.

சிக்னல் இலாகாவில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த இன்ஸ்பெக்டர் ஒன்றை மண்டையில் ஏற்றியிருந்தார்: புதுக் கேபிளை மெக்கர் வைத்துச் சோதிக்காமல் பழைய கேபிளைத் தொடாதே. தட்டைப் புறாவுக்குக் கட்டும் முன் நகலை ஒரு தடவை பெரிய டிவியில், அட்சதை இடத்தில், நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தால் போதும். சின்னக் கைப்பேசித் திரையில் பார்த்தால் பல் தெரியாது.

இரண்டாம் தட்டை இரண்டு விதமாக நகல் எடுத்தேன். முதலில் தட்டில் உள்ள வீடியோ டி.எஸ். என்ற உறையை எதையும் மாற்றாமல் அப்படியே கணினியில் எடுத்து வைத்தேன். சாதாரண ஓரடுக்குத் தட்டு 4.7 ஜிபிக்கு மேல் போகாது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் பன்னிரண்டு கல்யாணம் நடத்தலாம். இது மூலப் பத்திரம் மாதிரி, இன்னொரு பிரதியும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். அடுத்தது பார்ப்பதற்கான பிரதி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் பகுதியில் யாடிஃப் அல்லது பி.டபிள்யூ.டிஃப், அதன் கீழே 'பாப்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 50 படம் என்று வைக்க வேண்டும். 25 என்று விட்டுவிட்டால் பாதி அசைவு போய்விடும். வரிகளை நீட்ட வேண்டாம், அந்த வேலையை டிவி பார்த்துக்கொள்ளும். கடையில் கொடுப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். இரண்டாம் தட்டில் வரவேற்பும் பந்தியும். பந்தியில் ஓர் இடத்தில், தோளில் துண்டோடு ஒரு பெரியவர் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிக்கொண்டே வருகிறார். கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பையன்தான், "தாத்தாவுக்கும் என்னை மாதிரியே சுண்டு விரல் வளைஞ்சிருக்கும்மா" என்றான். மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன்.

செய்தி பரவி, இதை எழுதும்போது என் மேஜைமேல் நான்கு குடும்பங்களின் தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒற்றை, இரட்டை வரிசையையே மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். மணப்பெண் முன்னால் ஓர் அடி, பின்னால் அரை அடி என்று நடுங்கிக்கொண்டே மேடைக்கு வருகிறாள். பிளேயரால் அதைச் சரி செய்ய முடியாது, கணினியில் முடியும் என்று நினைக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன். தட்டு வைத்திருக்கும் மற்றவர்களும் சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். பிளேயரையும் கொண்டுவருபவர்கள் அதன் ரிமோட்டை மறக்க வேண்டாம். ரிமோட் இல்லாமல் அந்த 'ஐ'யை மெனுவில் தேடிப் பிடிக்க என்னால் ஆகாது.